ஜீடீஏ 6-க்குக் கார்ட் மாற்றப் போகிறீர்களா?

2025 நவம்பர் 6ஆம் திகதி ரொக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 6’ விளையாட்டை மறுபடியும் தள்ளிப்போட்டது. முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அன்று சொன்ன புதுத் திகதி 2026 நவம்பர் 19. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தத் திகதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களில் பலர் வீட்டில் கதையைத் தொடங்கியும் விட்டார்கள்: “அப்பா, என்ட வீஜீஏ பழசு. ஜீடீஏ வந்தா இதில ஓடாது. மாத்த வேணும்.”

வீஜீஏ எனப்படும் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதென்றால் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் எடுத்து வைக்கவேண்டும். மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. கனடாவில் இருக்கும் மாமா அனுப்புகிற காசு என்றாலும், அவரும் அங்கே இரவு வேலை செய்துதான் அனுப்புகிறார். ஆகவே சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீடீஏ 6-ஐ நம்பி இன்றைக்குக் கார்ட் வாங்காதீர்கள். ரொக்ஸ்டார் இதுவரை அறிவித்த சாதனங்களில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டும் இருக்கின்றன. கணினி இல்லை. கணினிக்கு எப்போது வரும் என்றே சொல்லப்படாத விளையாட்டுக்கு எந்தக் கார்ட் போதும் என்று சொல்ல யாராலும் முடியாது. அப்படிச் சொல்லி ஒருவர் கார்டை நீட்டினால், அவர் விற்பது ஊகத்தை.

ரொக்ஸ்டாரின் பழைய நடத்தையைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். ஜீடீஏ 5, 2013 செப்டெம்பர் 17 அன்று பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பொக்ஸ் 360-க்கும் வந்தது. கணினிக்கு வந்தது 2015 ஏப்ரல் 14. இடையில் 19 மாதம். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ 2018 ஒக்டோபர் 26 அன்று கொன்சோல்களுக்கு வந்தது. கணினிக்காரர் 2019 நவம்பர் 5 வரை காத்திருந்தார்கள். இந்த முறையும் இதே கணக்கு என்றால் 2027 கடைசிப் பகுதிக்கு முன் கணினியில் ஜீடீஏ 6-ஐ எதிர்பார்ப்பது கடினம்.

கார்ட் சந்தையோ அவ்வளவு காலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 தொடர் 2020 செப்டெம்பரில் வந்தது. 40 தொடர் 2022 ஒக்டோபரில். 50 தொடர் 2025 ஜனவரியில். இரண்டு வருடம் சொச்சத்துக்கு ஒரு தலைமுறை. இன்று வாங்கி வைக்கும் கார்ட், நீங்கள் காத்திருக்கும் விளையாட்டு வரும் நாளில் பழைய தலைமுறையாகியிருக்கும். அதன் உத்தரவாதக் காலமும் பெரும்பாலும் கரைந்திருக்கும். வந்த அன்றே விளையாடவேண்டும், பொறுக்க முடியாது என்பவர் கார்டுக்கு ஒதுக்கிய காசை பிளேஸ்டேஷன் விலையோடு ஒருதரம் வைத்துப் பார்க்கட்டும். அவருக்கு அதுதான் நேர்வழி.

யார் உண்மையிலேயே மாற்றவேண்டும்?

கார்ட் மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஜிடிஎக்ஸ் 1060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலையில் வந்த கார்ட். 6 ஜிபி நினைவகம், 120 வாட் மின்சாரம். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் மாதாமாதம் எடுக்கும் கணக்கெடுப்பில் வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்தது. வாங்கிய காசுக்கு இவ்வளவு உழைத்த கார்ட் வேறு இருக்குமா தெரியவில்லை. ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது. 1060 அடங்கிய பாஸ்கல் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்.

டிரைவரைவிடப் பெரிய சுவர் ஒன்று இருக்கிறது. ரே டிரேசிங் என்பது ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை. முன்பெல்லாம் அது விரும்பினால் போட்டுக்கொள்ளும் அலங்காரம். 2024 டிசெம்பரில் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சேர்க்கிள்’ அதைக் கட்டாயமாக்கியது. 2025 மே மாதம் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ விளையாட்டும் அப்படியே. இரண்டுக்கும் குறைந்தபட்சத் தேவை ஆர்டிஎக்ஸ் 2060 சுப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600. ஜிடிஎக்ஸ் என்று பெயர் தொடங்கும் கார்டில் அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும் இவற்றை ஓட்டுவதாக நினைக்க வேண்டாம். ஆக, உங்களிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் என்றால், புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளை விளையாட ஆசையும் இருந்தால், மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஆர்டிஎக்ஸ் 2060-ஓ 3060-ஓ வைத்திருப்பவர் கதை வேறு. 2025 ஜனவரியில் என்விடியா வெளியிட்ட டிஎல்எஸ்எஸ் 4-இன் திருத்தப்பட்ட படப்பெருக்க முறை 20 தொடரிலிருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைக்கிறது. கார்ட் சிறிய அளவில் படத்தை வரைந்துவிட்டு, அதைப் பெரிதாக்கித் திரைக்கு அனுப்பும். காசு கொடுக்காமல் கிடைத்த ஆயுள் நீட்டிப்பு அது. அவர்கள் தாராளமாகப் பொறுக்கலாம். வலோரன்ட் மட்டும் விளையாடுகிறவருக்கோ புதுக் கார்ட் தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது நல்ல இணைய இணைப்பும், நொடிக்கு 144 தடவை படம் மாற்றும் மொனிட்டரும்.

விளையாட்டு நிறுவனங்கள் வெளியிடும் தேவைப்பட்டியலையும் நிதானமாக வாசிக்கவேண்டும். ‘மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ 2025 பெப்ரவரியில் வந்தபோது, பரிந்துரைத்த கணினியில் 1080பி திரையில் நொடிக்கு 60 படம் வரும் என்று போட்டிருந்தார்கள். கூடவே, இடைப்படங்களைக் கார்டே உருவாக்கிச் செருகும் வசதியைப் போட்டால்தான் அந்த 60 என்றும் இருந்தது. அதாவது உண்மையில் வரையப்படுவது 60-க்கு வெகுவாகக் குறைவு. கண்ணுக்கு ஓட்டம் மிருதுவாகத் தெரியலாம். கை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் குறையாது. பட்டியலில் உங்கள் கார்டின் பெயரைக் கண்டவுடன் மகிழ்வதற்கோ காணவில்லை என்று கலங்குவதற்கோ முன், எந்தத் திரை அளவில், எந்தத் தரத்தில், நொடிக்கு எத்தனை படம், இடைச்செருகல் உண்டா என்று பாருங்கள்.

இன்னும் நல்ல வழி, உங்கள் கணினியிலேயே பரீட்சித்துப் பார்ப்பது. ‘பிளாக் மித்: வுகொங்’ 2024 ஓகஸ்ட் 20 அன்று வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்னமே இலவசப் பரீட்சை மென்பொருள் ஒன்றை ஸ்டீமில் விட்டார்கள். மொன்ஸ்டர் ஹன்டருக்கும் அப்படி விட்டார்கள். அது கிடைக்காவிட்டாலும் ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக்கொடுத்துக் காசைப் பெறலாம். கார்டை அப்படித் திருப்பிக்கொடுக்க எந்தக் கடையும் விடாது. அதனால் விளையாட்டை முதலில் வாங்கி ஓட்டிப் பாருங்கள். கார்டைப் பற்றி அதன்பிறகு யோசிக்கலாம்.

எட்டா, பன்னிரண்டா, பதினாறா?

கார்ட் வாங்க முடிவெடுத்துவிட்டவருக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி மொனிட்டரைப் பற்றியது. வீட்டில் இருப்பது 1080பி மொனிட்டரா, 1440பி-யா? பழைய 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரை வைத்துக்கொண்டு இரண்டு இலட்ச ரூபா கார்ட் போட்டால், நொடிக்கு 120 படம் வரைந்தாலும் கண்ணுக்கு வருவது 60 தான்.

அடுத்தது நினைவகம். இதில்தான் கூடுதலானோர் ஏமாறுகிறார்கள். விளையாட்டில் தெரியும் சுவர், தோல், புல், மழைநீர் தேங்கிய தார்வீதி என்று எல்லாவற்றுக்குமான படங்கள் கார்டின் சொந்த நினைவகத்தில் இருக்கவேண்டும். அது நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் ராமுக்குப் போகும். தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக இழுத்துவர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் எடுக்கும். அந்தக் கார்டைப் பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் மதர்போர்டில் செருகினால், வெளியிலிருந்து இழுக்கும் வேகம் நொடிக்கு 8 ஜிபிதான். 448 எங்கே, 8 எங்கே? அப்போது விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். சராசரியாக நொடிக்கு 70 படம் என்று மூலையில் இலக்கம் காட்டும். ஆனால் ஒரு தெருமுனையைத் திரும்பும்போது திரை அரை நொடி உறைந்து நிற்கும்.

அந்த 8-க்குக் காரணம், 5060, 5060 டிஐ போன்ற கார்டுகள் பதினாறு தடப் பாதையில் எட்டுத் தடத்தை மட்டுமே பயன்படுத்துவது. புது போர்டில் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இன்டெல் 10ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியதும், ஏஎம்டியில் பி450, ஏ520 போர்டுகளும் மூன்றாம் தலைமுறைப் பாதை கொண்டவை. கொழும்பில் கார்ட் மட்டும் மாற்ற நினைக்கும் பலரிடம் இருப்பது இந்த வகைக் கணினிதான். அவர்களுக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி நல்ல தெரிவு. அது பதினாறு தடத்தையும் பயன்படுத்தும். ஆனால் 16 ஜிபி உள்ளதை வாங்கவேண்டும். 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் 12 ஜிபி ஒன்று, பிறகு வந்த 8 ஜிபி ஒன்று என்று இரண்டு உண்டு. பின்னது வேகமும் குறைந்தது. பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, மூலையில் இருக்கும் ஜிபி இலக்கத்தைப் பாருங்கள்.

இன்டெலின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது. 2024 டிசெம்பரில் 249 டொலருக்கு வந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்டுக்கு உரியதும்கூட. ஆனால் அது ரீசைசபிள் பார் என்ற வசதி இயங்கும் போர்டில்தான் ஒழுங்காக ஓடும். பழைய பிரோசசரோடு சேர்த்தால் அதன் வேகம் எதிர்பாராத அளவு இறங்கும் என்பதும் வெளிவந்த சில வாரங்களிலேயே பரீட்சித்தவர்கள் கண்டுகொண்ட விடயம். 2018, 2019 காலத்துக் கணினியில் அதைச் செருக வேண்டாம்.

விலைக் கணக்கு இப்படி வரும். டொலருக்கு 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 299 டொலர் அறிமுக விலை கொண்ட 8 ஜிபி 5060, வெறும் நாணய மாற்றிலேயே 89,700 ரூபா. 2024 ஜனவரி முதல் 18 வீதமாக இருக்கும் வற் வரியைச் சேர்த்தால் ஒரு இலட்சத்து ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். 349 டொலர் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, இதே கணக்கில் ஒரு இலட்சத்து இருபத்துமூவாயிரத்துச் சொச்சம். கப்பல் கூலி, மற்ற வரிகள், இறக்குமதி செய்தவர் இலாபம், கடைக்காரர் இலாபம் எல்லாம் இதற்கு மேல். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குள் படியேறும் முன் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தால், சொல்லப்படும் விலை நியாயமா என்று நீங்களே எடைபோடலாம். என்னைக் கேட்டால், 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் உள்ள அந்தப் பதினெட்டாயிரம் ரூபா வித்தியாசத்தைக் கொடுக்க முடியாதவர், புது 8 ஜிபி கார்ட் வாங்குவதைவிட இன்னும் நாலு மாதம் சேர்ப்பது நல்லது.

கேசிங்கைத் திறந்து பாருங்கள்

கார்டைத் தீர்மானிப்பது பாதி வேலை. மீதி, அது போய் இருக்கப்போகும் பெட்டியும் வீடும்.

கொழும்பில் கேசிங்கோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பவர் சப்ளைகள் ஏராளம். மேலே 500 வாட், 600 வாட் என்று பெரிதாக ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறிய ஸ்டிக்கரைத் தேடுங்கள். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று இருக்கும். கார்டும் பிரோசசரும் எடுப்பது அந்த 12 வோல்ட்டில்தான். 20 அம்பியர் என்றிருந்தால் 12-ஐ 20-ஆல் பெருக்குங்கள்: 240 வாட். பெரிய எழுத்தில் உள்ள 500-இல் பாதிகூட இல்லை. 9060 எக்ஸ்டி 16 ஜிபி மட்டும் 160 வாட் எடுக்கும். பிரோசசர், காற்றாடிகள், டிஸ்க் எல்லாம் வேறு. இப்படிப்பட்ட பவர் சப்ளையில் புதுக் கார்டை ஏற்றினால் விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கணினி அணைந்துவிடும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம். சில தடவை போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். நல்ல பவர் சப்ளைக்கு ஒதுக்கும் காசை வீண்செலவாக நினைக்காதீர்கள். அடுத்த இரண்டு கார்டுகளுக்கும் அதுவே போதும்.

பல வீடுகளில் மேசைக்குக் கீழே இருக்கும் 650 விஏ யூபிஎஸ், கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 360 வாட். பழைய கணினியும் மொனிட்டரும் அதில் சமாளித்திருக்கும். புதுக் கார்ட் முழுவேகத்தில் ஓடும் நேரம் கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்காமல் அதுவும் விழும். இங்கே கரண்ட் போவது அபூர்வமான விடயமும் இல்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

மின்கட்டணமும் கணக்கில் வரவேண்டும். கணினி முழுவதும் 300 வாட் எடுக்க, தினமும் நாலு மணித்தியாலம் விளையாடினால், மாதத்துக்கு 36 அலகு. நமது வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அந்த 36 அலகு உங்கள் பில்லை அடுத்த படிக்குத் தள்ளுமானால், விலை கூடிய படியில் விழுவது இந்த அலகுகள்தான். 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகளை நான் இன்னும் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டு விமர்சகர்கள் கார்டை அளப்பது குளிரூட்டிய அறையில், 21, 22 பாகை செல்சியஸில். நமது பிள்ளை விளையாடுவது ஏப்ரல் மாதம் கொட்டாஞ்சேனையில், இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள் இருக்கும் ஒரு சின்ன அறையில், 31, 32 பாகையில். அறை 10 பாகை கூடினால் கார்டின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு கூடும், காற்றாடி இன்னும் வேகமாகச் சுழலும், சத்தமும் கூடும். ஆகவே ஒரே கார்டின் இரண்டு காற்றாடி வகையும் மூன்று காற்றாடி வகையும் அருகருகே இருந்தால், விலை வித்தியாசம் சிறிதாயின், நமக்குப் பெரியதே உகந்தது. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய அழகான கேசிங்குகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. துளைகள் உள்ள இரும்பு முகப்பு வேண்டும்.

வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொரு எதிரி கடல். மரைன் டிரைவ் ஓரத் தொடர்மாடியில், கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கணினி ஒன்றின் கார்டை அண்மையில் கையில் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்துத் தகடு முழுவதும் செம்மண் நிறத் துரு. எச்டிஎம்ஐ துளையின் விளிம்பு கறுத்திருந்தது. திருகாணியின் தலை துருவில் கரைந்து, திருப்புளி பிடிக்க இடமில்லை. சூடு கடத்தும் அலுமினியத் தகடுகளின் இடையே வெள்ளை மா போல ஒரு படிவு. உப்புக் காற்று கார்டுக்குள் நுழைந்து படிகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. உலோகத்தை அது மெல்ல மெல்லத் தின்கிறது. அந்த வீட்டுத் தம்பி அதை வாங்கிய கடைக்குக் கொண்டுபோனபோது நடந்த உரையாடல் சுருக்கமானது.

“தம்பி, இதை வொரன்டியில எடுக்க ஏலாது. துரு பிடிச்சிருக்கு.”

“அண்ணா, நான் தண்ணி ஒண்டும் ஊத்தேல்லையே.”

“பில்லைப் பாருங்கோ.”

பில்லின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது: துரு, எரிந்த அடையாளம், மின்னல், மின்னழுத்த மாற்றம், பௌதிகச் சேதம் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. கொழும்புக் கணினி பில்களில் இது வழமையான வாசகம். அதன் பக்கத்திலேயே இன்னொரு வழமையும் இருக்கும்: ஒரு வருடம் என்றால் 350 நாள். மூன்று வருட உத்தரவாதம் என்று வாய்மொழியில் சொல்லப்படுவது அப்போது 1,050 நாளாகிறது. காலண்டர் கணக்கில் 45 நாள் குறைவு. கடலோரத்தில் இருந்துகொண்டு துருவுக்கு உத்தரவாதம் இல்லாத கார்ட் வாங்குகிறோம் என்பதைத் தெரிந்து வாங்கவேண்டும். கணினியை உள் அறைக்கு மாற்றுங்கள். ஜன்னலோரமும் தரையும் வேண்டாம். தினமும் ஓடும் கார்ட் தன் சூட்டிலேயே ஈரத்தை உலர்த்திக்கொள்ளும். பரீட்சைக்காக ஆறு மாதம் மூடி வைத்த கணினிதான் கூடுதலாகக் கெடும். அப்படி மூடி வைப்பதென்றால் கார்டைக் கழற்றி, அது வந்த உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடலாம்.

பழைய கார்டும் மாமாவின் பெட்டியும்

ஒரு இலட்சம் முடியாதவர் பழைய கார்டுக்குப் போவது இயல்பு. இக்மன் விளம்பரத் தளத்தைத் திறந்தால் வரிசையாக வரும். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டும் முறை நின்றுபோனதும், உலகெங்கும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்வது தவறு. ஒரே சீரான வேகத்தில் ஓடிய கார்டின் சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது காற்றாடியும், நினைவகச் சிப்களுக்கு மேல் ஒட்டியுள்ள சூடு கடத்தும் பட்டைகளும். ஆனால் ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று கண்டால் தள்ளி நில்லுங்கள். பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-க்குச் சமமானது.

பழையதை விற்பவர் வீட்டுக்கே போய், அவர் கணினியில் போட்டு ஓட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஜீபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் கார்டின் உண்மையான சிப், நினைவகம், பாதை அகலம் எல்லாவற்றையும் காட்டும். பயோசை மாற்றி வேறு பெயர் சூட்டிய என்விடியா கார்ட்களில் பலவற்றைப் போலி என்று அதுவே எழுதிக் காட்டும். பிறகு ஃபர்மார்க் என்ற பரீட்சை மென்பொருளைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டு, திரையில் புள்ளி, கோடு ஏதும் விழுகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது, காற்றாடி கரகரக்கிறதா என்று பக்கத்தில் இருந்து கவனியுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்கவேண்டிய அவசியம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டிக்குள் கார்ட் வருவது நமது வீடுகளில் பழகிப்போன வழி. விலை குறைவாகத் தெரியும். விமான நிலையச் சுங்கச் சலுகை, வருபவர் எவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. இரண்டு வாரம் போய்வந்தவருக்கும் வருடக்கணக்காக அங்கே இருப்பவருக்கும் ஒரே அளவு கிடையாது. உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். கார்ட் பழுதானால் அடுத்த கோடை விடுமுறைக்கு மாமா வரும்வரை வைத்திருக்கவேண்டி வரும். விலை வித்தியாசம் இந்த ஆபத்துக்கு ஈடாகுமா என்று பாருங்கள். என் கணக்கில், கால் பங்காவது குறைந்தால்தான் அந்த வழிக்குப் போகலாம்.

பொறுத்தால் விலை ஏறிவிடாதா என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. 2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாவின் மேலிருந்த பிடியைத் தளர்த்தும்வரை டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. ஒரே கார்ட், ஒரே டொலர் விலை. முழு விலையையும் சேர்த்து வைத்திருந்த பிள்ளைகளின் காசு, இரண்டு மாதத்தில் பாதிக் கார்டுக்குச் சற்று மேலே மட்டும் போதுமானதாகிவிட்டது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வேறு. அதைப் பார்த்த தலைமுறை, கிடைக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. 2025 இறுதியில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களை வாரிக்கொண்டு போனதில் ராம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. டிசெம்பர் 3 அன்று மைக்ரோன் நிறுவனம் குரூஷியல் என்ற தன் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. கார்டிலும் இருப்பது நினைவகச் சிப்தான். விலை இறங்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

ஆனாலும் என் முடிவு மாறவில்லை. விலை ஏறும் என்ற பயத்தில் வாங்குவதாயிருந்தாலும், இன்றிரவு நீங்கள் விளையாடும் விளையாட்டுக்காக வாங்குங்கள். தேவைப்பட்டியலே இல்லாத ஒன்றுக்காக வேண்டாம். ஜிடிஎக்ஸ் வைத்திருப்பவர், புது விளையாட்டுகள் ஏற்கெனவே ஓடாமல் இருப்பவர், 16 ஜிபி கார்ட் ஒன்றை இப்போதே வாங்கலாம். மற்றவர் மாதாமாதம் சேர்க்கட்டும். பவர் சப்ளையை முதலில் மாற்றட்டும், மொனிட்டரை அடுத்து.

வாங்கும் நாளில் பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். பெட்டியின் தொடர் இலக்கமும் கார்டின் பின்னால் உள்ள தொடர் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் கார்டின் முழுப்பெயர், ஜிபி அளவு, தொடர் இலக்கம், உத்தரவாதம் எத்தனை நாள் என்பது நாலும் இருக்கவேண்டும். உத்தரவாதத்துக்குப் பொறுப்பு கடையா, இறக்குமதி நிறுவனமா என்று கேட்டு அதையும் எழுதுவியுங்கள். வெப்பத்தாளில் அச்சிடும் பில் நமது சூட்டில் ஒரு வருடத்துக்குள் வெளிறிவிடும். வெளியே வந்ததும் கைபேசியில் படம் எடுத்து அப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள்.